ஒன்பதாவது சர்வருக்கு நேரே ஒரு சிறு கோடு

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லோரும் விழிப்பார்கள். கோடு அக்கா என்று கேட்டால், மூன்றாவது மாடி, ஜன்னலோரம், இரண்டு திரை வைத்த மேசை என்று வாசல் காவலாளியே வழி சொல்லிவிடுவார். நாள் முழுவதும் திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. பட்டத்தைச் சூட்டியவன் நான். பதினோரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக வாழும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்கிறோம். வழுக்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அழுத்த வேண்டும். சேதி எங்களுக்கு வந்ததும் பொத்தானில் பச்சை விளக்கு எரியும். கீழ்த்தளத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் உடனே போன் செய்வார்கள். பதில் வராவிட்டால் ஆம்புலன்ஸை அனுப்புவார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பொத்தானுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே பதினான்கு சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரிலும் சின்னச் சின்ன புரோகிராம்கள், ஒவ்வொன்றும் கன்டெய்னர் என்னும் தனித்தனி அறைக்குள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இவ்வளவு மெமரிதான் என்று ஓர் அளவு. யார் எவ்வளவு மெமரி தின்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்தான் அக்கா.

அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் அல்ல, இருபது வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு, நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்கத் தோன்றியதாம். அக்கா இப்படிச் சொல்லியிருக்கிறார்: "ஒரு மாடி வீடுன்னு வச்சுக்கோங்க. மொட்டை மாடியில ஒரே ஒரு தண்ணித் தொட்டி. உள்ள பதினஞ்சு குடித்தனம். ஆளுக்கு இத்தனை குடம்னு கணக்கு. யாராவது அளவைத் தாண்டினா வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டார். கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டு, அதே மூஞ்சி, அதே பேர்ல இன்னொரு ஆளைப் பத்து செகண்டுல குடிவச்சிடுவார்."

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாராம்: "சரி, வெளியே போன ஆளோட சாமானெல்லாம்?"

"அது போச்சு. அதைப் பத்தி யார் கேக்கறா?" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார். இதை மறுநாள் எனக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் கதையில் எங்கள் இரண்டு பேரையும்விட அந்த வேன் டிரைவருக்குத்தான் மூளை அதிகம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அக்கா கணக்கில் பட்டம் வாங்கியவர். இருபத்திரண்டு வயதில் ஒரு பள்ளியில் மதிப்பெண் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குப் போனார். மகள் பிறந்தபோது விட்டார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும், இரண்டு தெரு தள்ளியிருந்த கம்ப்யூட்டர் கடையில் காலையில் மட்டும் உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சர்வர் வேலையைப் படித்துக்கொண்டார். இப்போது நாற்பத்தெட்டு வயது. மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். காலையில் வந்ததும் அக்கா உட்கார மாட்டார். நின்றபடியே பதினான்கு சர்வரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், பிறகுதான் நாற்காலி, பிறகுதான் டீ. சாயங்காலம் கிளம்பும் முன் கட்டம் போட்ட நோட்டில் அன்றைய கணக்கை எழுதுவார். பதினான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கட்டம்: அன்று எட்டிய உச்சம் ஒன்று, எத்தனை கன்டெய்னர் அளவு மீறி விழுந்தது என்பது இன்னொன்று. எதுவும் விழாத நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போடுவார். கம்ப்யூட்டரிலேயே எல்லாம் பதிவாகிறதே, எதற்கு இந்த நோட்டு என்று நான் கேட்காத நாளில்லை. "கையால எழுதினாத்தான் எனக்கு உறைக்கும் தம்பி" என்பார்.

எங்கள் மேலாளருக்கு நான் வைத்த பெயர் சராசரி சார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "சராசரி எவ்வளவு?" என்பார். வருகிறவர்கள் பார்க்க ஹாலில் ஒரு பெரிய டிவி மாட்டி, அதில் பதினான்கு சர்வரின் மெமரிக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சைக் கோடு ஓட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்காவும் விடவில்லை.

"சார், எங்க வீட்டுக்காரர் தினமும் வேனை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு டயரையும் தனித்தனியாத் தட்டிப் பார்ப்பார். நாலு டயருக்கும் சேர்த்துச் சராசரியாக் காத்து இருக்குன்னு வண்டியை எடுத்துட்டுப் போக முடியுமா?"

"மேடம், வர்றவங்களுக்கு டயரெல்லாம் வேணாம். வண்டி ஓடுதான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் சார். டிவி மாட்டப்பட்டது. பச்சைக் கோடு அறுபது சதவீதத்தில் படுத்துக்கொண்டது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். பொத்தான் சேதிகளை முதலில் வாங்கும் புரோகிராமை 'வாங்கி' என்று அழைப்போம். சர்வருக்கு ஒன்றாகப் பதினான்கு வாங்கிகள். அதை எழுதியவன் நான். அந்த வருடத் தொடக்கத்தில், வேகம் வேண்டும் என்று அதை மாற்றி எழுதினேன். சேதி வந்ததும் முதலில் பச்சை விளக்குக்குப் பதில் சொல்லிவிடும். பிறகு சேதிகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு சில வினாடிகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பதிவு செய்யும். பதிவான பிறகுதான் கீழ்த்தளத்துக்குப் போகும். அதோடு பழைய சேதிகளையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதினேன், அவற்றை எப்போது தூக்கி எறிவது என்று எழுத மறந்துவிட்டேன். வாங்கி தின்று தின்று பெருத்தது. அளவைத் தாண்டியதும் சர்வர் அதைக் கொன்றது. ஒன்பது வினாடியில் புதியது வந்து உட்கார்ந்தது. இப்படி எங்காவது ஒரு சர்வரில், நாளுக்கு ஏழெட்டுத் தடவை.

ஒவ்வொரு தடவையும் அக்காவின் போன் மணி அடித்தது. சாப்பாட்டில் கை வைத்தால் மணி. பஸ்ஸில் ஏறினால் மணி. மகளிடம் பேச உட்கார்ந்தால் மணி. ஓடிப்போய்ப் பார்த்தால் வாங்கி எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்துகொண்டிருக்கும். பத்தாவது நாள் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, இது ஏன் இப்படி விழுந்து விழுந்து எழுந்திரிக்குது?"

"பாக்கறேன்க்கா. தானாத்தான் எழுந்துக்குதுல்ல? விடுங்க" என்றேன். திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. அதை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா மணியின் விதியை மாற்றினார். ஒரே வாங்கி ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் விழுந்தால் மட்டும் அடி, இல்லாவிட்டால் பேசாமல் இரு என்று. மணி நின்றது. அக்கா நிம்மதியாகச் சாப்பிட்டார். இங்கேதான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். அந்த மணி அடித்தால் நோட்டில் எண் எழுதுவார், அடிக்காவிட்டால் சிறு கோடு போடுவார். மணியின் வாயைக் கட்டியவர் அவரேதான். ஆனாலும் மணி அடிக்கவில்லையே, ஆகவே எதுவும் விழவில்லை என்று எண்பத்து மூன்று நாள் பதினான்கு வரிசையிலும் சிறு கோடு போட்டுக்கொண்டே போனார். காலைச் சுற்றில் பார்க்கும்போது எல்லா வாங்கியும் எழுந்து வேலை செய்துகொண்டிருக்கும். ஹாலில் டிவியும் அதையேதான் சொன்னது. ஒரு வாங்கி விழும்போது வேறொன்று ஏறிக்கொண்டிருக்கும், எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் தட்டையான பச்சைக் கோடு.

எண்பத்து மூன்றாம் நாள் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபத்தெட்டு வயது, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பதின்மூன்று நாள் முன்பு குளியலறை வாசலில் விழுந்திருக்கிறார். பொத்தானை அழுத்தியதாகச் சொல்கிறார். யாரும் போன் செய்யவில்லை, யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை நான்கு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். மகள் வெளியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நேராகவே பேசினாள்.

"சார், நான் சண்டை போட வரல. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அப்பா பொத்தானை அழுத்தினாரா இல்லையா? அழுத்தினார்னா உங்க பொத்தான்தான் சரியில்லை, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன், அவர் வீட்டிலயே இருக்கட்டும். அழுத்தாமலே அழுத்தினேன்னு நம்பறார்னா நான் எப்படித் தனியா விட்டுட்டுப் போறது? முதியோர் இல்லத்துல இடம் கேட்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்."

சராசரி சார் பதிவை எடுத்துக் காட்டினார். அந்தப் பொத்தானிலிருந்து அன்று காலை பதினோரு மணி முதல் மாலை மூன்றரை மணி வரை ஒரு சேதியும் இல்லை. காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, பதிவில் இருப்பதைத்தான் சொன்னார். மகள் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது என்கிற களைப்புதான் இருந்தது.

அக்கா தண்ணீர் பாட்டிலை நிரப்ப அந்தப் பக்கமாக வந்தார். பெரியவர் வரவேற்பறை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாராவது நின்று கேட்டால் போதும் என்று காத்திருந்தவரைப் போல, அக்கா நின்றதும் பேசினார்.

"நான் அழுத்தினேன்மா. பச்சை விளக்கு எரிஞ்சுது. பதினொன்னு பதினெட்டு."

"எப்படி ஐயா அவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

"வண்டி எடுக்கறப்பவும் நிறுத்தறப்பவும் மணி பார்த்துப் பழக்கம். விழுந்து கிடந்த இடத்திலருந்து சுவர்க் கடிகாரம் தெரிஞ்சுது. ஒரு தடவை அழுத்தினாப் போதும், காத்திருக்கணும்னு பொத்தானோட கொடுத்த உங்க கார்டுலதான் போட்டிருக்கு. காத்திருந்தேன்."

அக்கா பாட்டிலை நிரப்பாமலே மாடிக்கு வந்தார். "மனசுல தோணினதைச் சொல்றவங்க பதினொன்னுன்னு சொல்வாங்க, பதினொன்னரைன்னு சொல்வாங்க. பதினொன்னு பதினெட்டுன்னு யார் சொல்லுவா?" என்று என்னிடம் கேட்டார். கேள்வி எனக்கானது அல்ல. அதற்குள் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் கணக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பதினான்கு நாள்வரை ஒவ்வொரு வினாடியின் அளவும் தனித்தனியாக இருக்கும். அதற்குப் பிறகு இடம் போதாது என்று மணி நேரத்துக்கு ஒரு சராசரியாகச் சுருக்கிவிடுவோம். அவர் விழுந்து பதின்மூன்று நாள். மகள் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் அந்தக் காலை நேரம் ஒரே ஓர் எண்ணாக மாறியிருக்கும், அந்த எண் அறுபது சதவீதம் என்று சமர்த்தாகச் சொல்லியிருக்கும்.

அக்கா பச்சைக் கோட்டைப் பிரித்தார். பதினான்கு கோடுகள் வந்தன, ஒவ்வொன்றும் மெல்ல ஏறிச் சடாரென்று விழுந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு விழுதலும் ஒரு மரணம் என்று அவருக்குத் தெரியும். எண்ணினார். பழைய நாட்களின் நேரம் சுருங்கியிருந்தாலும், எத்தனை விழுந்தன என்ற எண்ணிக்கை மட்டும் சுருங்காமல் இருந்தது: எண்பத்து மூன்று நாளில் ஐந்நூற்று எண்பத்தொன்று. பிறகு அந்தத் தேதிக்குப் போனார். ஒன்பதாவது சர்வரின் வாங்கி பதினொன்று பதினெட்டு நாற்பதுக்குச் செத்திருந்தது. சேதிகள் எங்களுக்குள் நுழையும் வாசலில் வேறொரு புரோகிராம், யார் எப்போது வந்தார்கள் என்று பொத்தான் எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்து வைக்கும். அதைத் திறந்தார். பெரியவரின் பொத்தான் பதினொன்று பதினெட்டு முப்பத்தேழுக்கு உள்ளே வந்திருந்தது.

மூன்று வினாடி. வாங்கி அவர் சேதியை வாங்கிக்கொண்டது, பச்சை விளக்கை எரிய வைத்தது, சேதியைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போனது.

"எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே கேட்டார் தம்பி, வெளியே போன ஆளோட சாமான் என்னாச்சுன்னு" என்றார் அக்கா. நோட்டை எடுத்தார். அந்தத் தேதி, ஒன்பதாவது வரிசை. அவர் கையெழுத்தில் அழகான சிறு கோடு. அதன்மேல் விரலை வைத்தார்.

இப்படித் தொலைந்த அழுத்தல்கள் மொத்தம் ஆறு என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தோம். மற்ற ஐந்து பேரும் பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அழுத்தியிருந்தார்கள், உதவி போய்ச் சேர்ந்திருந்தது. கார்டில் நாங்கள் எழுதியதை நம்பி ஒரு தடவை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

சராசரி சார் எல்லாவற்றையும் கேட்டார். "முதல்ல இதைச் சரி பண்ணுங்க, இன்னைக்கே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குடும்பத்துக்குச் சொல்லணுமான்னு மேல கேட்டுச் சொல்றேன். ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நெட்வொர்க்ல ஏதோ கோளாறுன்னு வச்சுக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்றாங்க சார்."

"மேடம், மணியை நிறுத்தினது நீங்க. அதையும் யோசிச்சுக்கோங்க."

"அதைத்தான் சார் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் அக்கா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அறையில் நான் சாரின் பக்கம்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனசுக்குள் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். மணியை நிறுத்தியவர் அக்கா என்றால், மணி அடிக்கக் காரணமானவன் நான். வெளியே வந்ததும் சொன்னேன், "அக்கா, ஒரு வாரம்தானே, பொறுங்களேன்." அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஒரு காகிதம் கொடுத்து அனுப்பியிருக்கோம். அது நம்ம காகிதம். நாளைக்குக் காலையில போறேன். வர்றதானா வா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அது இந்தக் கதைக்கு முக்கியம் இல்லை. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கும் வந்தது. ஒரு வருடம் எங்கள் இருவருக்கும் பதவி உயர்வு இல்லை. இப்போது வாங்கி பதிவு செய்த பிறகுதான் பச்சை விளக்கை எரிய வைக்கிறது. கார்டில் இருந்த வரியை மாற்றி, போன் வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள் என்று அச்சடித்தார்கள். ஹால் டிவியில் பதினான்கு கோடுகள் தாறுமாறாக ஓடுகின்றன. பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சராசரி சார் அவர்களுக்கு டயர் கதையைத் தன் சொந்தக் கதைபோலச் சொல்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை. நானும் போனேன். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள தரைத்தள வீடு. கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுவதும் அட்டைப்பெட்டிகள். மகள் தரையில் உட்கார்ந்து, சுவரிலிருந்து கழற்றிய வட்டக் கடிகாரத்தைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். கடிகாரம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக ஒரு வட்டமாகத் தெரிந்தது. பெரியவர் மீதமிருந்த ஒரே நாற்காலியில், ஊருக்குப் புறப்பட்டவரைப் போலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"அம்மா, அன்னைக்கு உன்கிட்ட ரொம்ப உறுதியாச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதே. இந்தப் பொண்ணு அந்தக் காகிதத்தைக் காட்டினா. நானும் யோசிச்சுப் பார்த்தேன். அழுத்தியிருக்க மாட்டேன்போலத்தான் இருக்கு. வயசாயிடுச்சுல்ல, அழுத்தணும்னு நினைச்சதையே அழுத்தினதா நினைச்சிருப்பேன்."

வீட்டைக் காலி செய்வதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பஸ் நிறைய ஆட்களைத் தன் கண்ணையும் கையையும் நம்பி ஓட்டிய மனிதர், எங்கள் ஒரு வெள்ளைக் காகிதத்தால் தன்னையே நம்பாமல் போயிருந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்தார், அவர் முகத்துக்கு நேராக.

"ஐயா, நீங்க அழுத்தினீங்க. பதினொன்னு பதினெட்டு. முப்பத்தேழாவது செகண்டு. பச்சை விளக்கும் எரிஞ்சுது. எங்க மெஷின் ஒண்ணு உங்க சேதியை வாங்கினதும் செத்துப்போச்சு. அது செத்தா எனக்கு மணி அடிக்கணும். அடிக்காம நிறுத்தி வச்சது நான்தான். நீங்க நாலு மணி நேரம் கீழே கிடந்ததுக்குக் காரணம் நான்."

"நானும்தான் ஐயா. அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதினவன் நான்" என்றேன். அந்த வீட்டில் நான் பேசியது அது ஒன்றுதான்.

மகளின் கை அப்படியே நின்றது. பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தேழு செகண்டாம்" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் அவள். துண்டில் சுற்றிய கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாக விரலால் தொட்டுப் பார்த்தார். கட்டங்களில் எழுதிய கணக்கு அவருக்குப் புதிது இல்லை.

"இது என்னம்மா, இந்தச் சின்னக் கோடு?"

"அன்னைக்கு ஒண்ணும் நடக்கலன்னு நான் எழுதினது."

பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அடித்தார் அக்கா. பக்கத்தில் ஒன்று என்று எண்ணால் எழுதினார். அதன்கீழ், கட்டம் கொள்ளாத பொடி எழுத்தில், 11.18.37, அவர் அழுத்தினார் என்று எழுதினார்.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "அடிச்சுத் திருத்தினாப் பக்கத்துல கையெழுத்துப் போடணும்மா. முப்பத்தோரு வருஷம் டிரிப் ஷீட் எழுதியிருக்கேன். ஒரு நிமிஷத்தை மாத்தி எழுதினாலும் கையெழுத்து வேணும், இல்லன்னா டிப்போவுல செல்லாது."

அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவை அவரிடம் நீட்டி, "நீங்களும் போடுங்க ஐயா" என்றார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக இழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டதைப்போலக் கோணலாக இருந்தது. போட்டு முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துண்டைப் பிரித்தாள். சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இதை எங்க மாட்ட?"

"இருந்த இடத்திலயே மாட்டு" என்றார் அவர். "கீழே விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியணும்."